எல்லோரும் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 15, சனி

தம்பியை மையத்திலிருந்து அழைத்து வந்தேன். மணப்பாறை சாலையில் ஒரு மாந்தோப்புக்குள் இருக்கிறது அந்தக் குடிமறப்பு மையம். தோப்பு அருமை. மற்றதெல்லாம் நாடகம். சுவர் முழுக்கச் சூரியன் உதிக்கிற படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிறவர்கள் எவருக்கும் காலை பத்து மணிக்கு முன்னால் சூரியனோடு பழக்கம் இருந்திருக்காது.

சேரலாதனுக்கு நாற்பத்து மூன்று வயது. துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்கிற பட்டறையில், வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வேலை. இரும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். சொந்த வீடு இரண்டாகப் பிளந்தது மட்டும் துரைக்குத் தெரியவில்லை. மனைவி தமயந்தி மகளைக் கூட்டிக்கொண்டு சித்திரையிலேயே குளித்தலைக்கு, அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். திருவெறும்பூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆகவே இவன் இப்போது உறையூரில் என் தலையில்.

கிளம்பும்போது வாசலில் ஒரு கூத்து. செபஸ்தியம்மா என்று ஒரு வார்டு அம்மாள், ஒலிபெருக்கி இல்லாமலே திருவிழா நடத்தக்கூடிய தொண்டை. சேரா கைகூப்பி, "வரேம்மா" என்றான்.

"வாயக் கழுவு! ஆஸ்பத்திரியிலேர்ந்து போறவன் வரேன்னு சொல்லுவானா? அதுவும் இந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து? போறேன்னு சொல்லு."

"போறேம்மா."

"சத்தமா."

"போறேன்!"

"ம். திரும்பிப் பாக்காமப் போ." கையிலிருந்த அட்டையில் எதையோ கிறுக்கிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மாத்திரை குணப்படுத்தாததை வார்த்தை குணப்படுத்திவிடும் என்கிற மட்டில் இருக்கிறது இவர்கள் விஞ்ஞானம்.

தலைமை மருத்துவர் ரெஜினால்டு என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "மேடம், நீங்க காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஹெச்.ஓ.டி.ன்னு தம்பி சொன்னார். எங்ககிட்ட நாலு வருஷ ரெக்கார்டு இருக்கு. யார் திரும்பக் குடிப்பாங்க, யார் குடிக்க மாட்டாங்கன்னு பிரிச்சுக் குடுக்க முடியுமா?" போன் செய்து விசாரிக்க அவரிடம் ஒரே ஒரு ஆலோசகர்தானாம். எல்லோரையும் கூப்பிட நேரமில்லை. திருந்தக்கூடியவர்களை மட்டும் கூப்பிட்டால் பிரயோஜனமாக இருக்குமாம்.

சரி என்றேன். எனக்கென்ன, வேறு வேலையா இல்லை? ஏன் சரி என்றேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17, திங்கள்

கல்லூரி திறந்தாயிற்று. நான் எழுந்திருப்பதற்கு முன்பே சேரா எழுந்து காப்பி போட்டுவிட்டான். சமையலறைக் குழாயின் ஒழுகலையும் நிறுத்தியிருக்கிறான், யாரும் கேட்காமலேயே. குற்றமுள்ள மனது குழாயைக்கூட விடாது போலிருக்கிறது. காப்பி நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 20, வியாழன்

முதுகலை இரண்டாம் ஆண்டுக்கு இன்று பிரித்தறிதல் ஆரம்பித்தேன். இரண்டு கூட்டத்தைப் பிரித்துக் காட்டுகிற முறை. பாடப்புத்தகத்தில் மூன்று உபயோகம் சொல்லியிருக்கிறது: வங்கிக்கடனைத் திருப்பிக் கட்டுபவர் யார் என்று பார்ப்பது, மண்டையோடு ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்வது, மது எந்த ஊர்த் திராட்சையில் செய்தது என்று கண்டுபிடிப்பது. கடன், மண்டையோடு, மது. எழுதினவர் வீட்டிலும் ஒரு தம்பி இருந்திருப்பான்.

நான் முட்டையை வைத்து நடத்தினேன். பண்ணை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டுக்கோழி முட்டை என்று சந்தையில் விற்கிறார்கள். நிறத்தைப் பார்த்தால் ஏமாறுவோம். எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். எடை, நீளம், ஓட்டின் கனம் எல்லாவற்றையும் எடுத்து, இதற்கு இவ்வளவு மதிப்பு, அதற்கு அவ்வளவு மதிப்பு என்று கொடுத்துக் கூட்டினால் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரே ஒரு எண் வரும். அந்த எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் ஒரு கோடு போட்டால் நாட்டு முட்டை ஒரு பக்கம், பண்ணை முட்டை மறுபக்கம். எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை, எந்த முட்டை எது என்று முன்பே தெரிந்த ஒரு கூடையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

"மேம், கோட்டு மேலேயே ஒரு முட்டை வந்தா?" என்று ஒருத்தி கேட்டாள். கோட்டின்மேல் முட்டை நிற்காது, உருண்டுவிடும் என்றேன். வகுப்பு சிரித்தது. நகைச்சுவைக்குச் சிரிக்கிறார்களா, துறைத்தலைவி சொன்னதற்குச் சிரிக்கிறார்களா என்பதைப் பிரிக்க முறை கிடையாது.

ரெஜினால்டு கூடையை அனுப்பிவிட்டார். நாலு வருடத்தில் வெளியேறிய ஆண்கள். ஓராண்டுக்குப் பிறகு யார் குடிக்கிறார், யார் குடிக்கவில்லை என்று தெரிந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஏழு விவரம்: வயது, எத்தனை வருடக் குடி, வேலை உண்டா, எத்தனையாவது முறை சேர்கிறார், அழைத்துப்போக வந்தவர் யார், உடம்பில் ஏறிய எடை. கடைசியாக, தொடர்சிகிச்சைக்கு வருவதாக ஒப்புக்கொண்டாரா, ஆம் அல்லது இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

தமயந்தி போன் செய்தாள். சேரா அப்போது கடையில் இருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டிருப்பாள்.

"அண்ணி, அவர் எப்படி இருக்கார்?"

"இருக்கான்."

"பாப்பாவுக்கு ஸ்கூல் திறந்துடுச்சு. இங்கேயே சேக்கறதா, திருவெறும்பூருக்கே வந்துடறதான்னு தெரியல. அப்பா வேணாங்கறார். இன்னொரு தடவ அடி தாங்க மாட்டேன்னு எனக்கும் பயமா இருக்கு. ஆனா உங்க வார்த்தைய நம்பலாம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நீங்க வான்னு சொன்னா வரேன். வேணாம்னா இல்ல."

ஆக, அவர்கள் குடித்தனம் மறுபடி நடக்குமா நடக்காதா என்பதை என் வாயில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன், இரண்டு வாரம் பொறு என்றேன்.

"கணக்கா?" என்றாள்.

இவளுக்கு எதை விளக்குவது? பி.ஏ. வரலாறு படித்தவள். ஆமாம், கணக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

ஆய்வேட்டு மாணவி ஒருத்தி விடை கொண்டுவந்தாள். அறுபது மாதிரியும் ஒரே கூட்டத்தில் விழுந்திருக்கின்றன. "பிரிக்கிற முறைம்மா இது. எல்லாம் ஒரே பக்கம் விழுந்தா அங்க பிரிக்க ஒண்ணுமில்ல, இல்ல நீ எதையோ தப்பா ஏத்திருக்க. போய் உன் தரவப் பாரு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கண் கலங்கினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசையைத் தட்டினால் போதும், யோசனை என்பது கணினியோடு சேர்த்து வாங்குகிற இலவசம்.

ஜூலை 2, செவ்வாய்

சூத்திரம் தயார். தெரிந்த கூடையில் வைத்துச் சோதித்ததில் நூற்றுக்கு எண்பது பேரைச் சரியான பக்கத்தில் போடுகிறது. மனநல மருத்துவர்கள் பேசிப் பேசிக் கண்டுபிடிப்பதைவிட இது அதிகம் என்று ரெஜினால்டே ஒப்புக்கொண்டார். பெருமையாக இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

வயது, எடை எல்லாம் சும்மா ஒப்புக்கு. கடைசி நிரல், அந்த ஆம்-இல்லைக் கட்டம்தான் ராஜா. தொடர்சிகிச்சைக்கு வருவேன் என்று ஒப்புக்கொண்டவன் பெரும்பாலும் தேறுகிறான். மாட்டேன் என்றவன் குடிக்கிறான். இதைக் கண்டுபிடிக்க ஒரு பேராசிரியை வேண்டியிருக்கிறது.

சேரா வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. சாயங்காலம் தொப்பலாக வியர்த்து வருகிறான். வீட்டுக்குள் வந்ததும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வியர்வை நாற்றம்தான்.

ஜூலை 6, சனி

ஜூனில் வெளியேறியவர்கள் பதினொரு பேர். அவர்கள் விவரத்தை ரெஜினால்டு நேற்று அனுப்பினார். இன்று சூத்திரத்தில் போட்டேன்.

பதினொரு பேரும் ஒரே பக்கம். குடிக்கிற பக்கம்.

சந்தோஷம். எனக்கு ஆச்சரியமே இல்லை. அத்தனை பேரும் கடைசி நிரலில் 'இல்லை'. தொடர்சிகிச்சைக்கு வர மாட்டார்களாம். மூன்று வாரம் உட்கார வைத்துச் சோறு போட்டு, மருந்து கொடுத்து, அறிவுரை சொல்லி, மாதம் ஒருமுறை வந்து போ என்றால் பதினொருவரில் ஒருத்தனுக்கும் மனசு இல்லை. இதுதான் இந்த ஜாதி. குடிகாரன் என்பது ஒரு தனி ஜாதி. அதில் கலப்பே கிடையாது.

ஏழாவது வரிசை சேரலாதன். வேலை இருக்கிறது, முதல்முறை சேர்ந்தவன், அழைத்துப்போக ரத்த உறவு வந்தது, எடையும் ஏறியிருக்கிறது. எல்லாம் இருந்தும் 'இல்லை' அவனை இழுத்து அந்தப் பக்கம் போட்டுவிட்டது. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அதே எண்தான்.

அவன் கூடத்தில் உட்கார்ந்து என் கொசுவலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்தான்.

ஜூலை 7, ஞாயிறு

குளித்தலைக்குப் போன் செய்தேன்.

"வராதே, தமயந்தி. குழந்தைய அங்கேயே சேத்துடு."

"சரிங்கண்ணி" என்றாள். எந்தக் காரணமும் கேட்கவில்லை. நம்புகிறவர்கள் இப்படித்தான்.

மத்தியானம் சேரா மோர்க்குழம்பு வைத்தான். சேப்பங்கிழங்கு போட்டு, எனக்குப் பிடித்த மாதிரி. நான் இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தான்.

ஜூலை 9, செவ்வாய்

கடைசி நிரலில் 'இல்லை' இருக்கிற எல்லோரையும் போன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக ரெஜினால்டு செய்தி அனுப்பியிருக்கிறார். கீழே ஒரு கும்பிடு படம்.

ஜூலை 12, வெள்ளி

சாயங்காலம் நான் பக்கத்தில் போய் நின்றபோது சேரா திரும்பி, "ஊதிக் காட்டவாக்கா?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாக, சாம்பார் ஊற்றவா என்பதுபோல் கேட்டான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தேகப்படுவது என் உரிமை. அதைக்கூட இவன் நிம்மதியாகச் செய்யவிட மாட்டேன் என்கிறான்.

ஜூலை 17, புதன்

"மையத்துலேர்ந்து ஒரு மாசம் ஆனா போன் பண்ணுவோம்னாங்க. காணோமே" என்றான் சேரா. செல்போனை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இரண்டு நாளாகச் சாப்பிடுகிறான்.

"மறந்திருப்பாங்க. அவங்க லட்சணம் தெரியாதா?" என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

அவன் தினமும் ஏழு மணிக்கு மகளோடு பேசுவான். நித்திலாவுக்கு ஒன்பது வயது, வாய் நீளம். இன்று பேசி முடித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டேன்.

"பாப்பா சொல்லிச்சு. வர்றதா இருந்தாங்களாம். அத்தை வேணாம்னுட்டாங்கன்னு சொல்லிச்சு."

நான் சூத்திரத்தைச் சொன்னேன். எண்ணைச் சொன்னேன். கோடு எங்கே, அவன் எங்கே என்று மேசையில் தண்ணீரைத் தொட்டு வரைந்தும் காட்டினேன். அவன் கவனமாகப் பார்த்தான். வெல்டிங்கை இப்படித்தான் பார்ப்பான் போலிருக்கிறது.

"நீ சொன்னது சரிதான்க்கா. நான் உன் இடத்துல இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

இவ்வளவுதானா? ஒரு தட்டைத் தூக்கி எறியக்கூடத் தெரியாதவன். அந்தக் காலத்தில் குடித்துவிட்டு எறிந்தானே, அப்போது மட்டும் ரோஷம் எங்கிருந்து வந்தது? எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் குளித்துச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினான். எங்கே என்றேன். "மையத்துக்கு. போன் வரலேன்னா என்ன, நாமளே போவோம்" என்றான். மத்தியானம் ஒரு பை மாங்காயோடு வந்தான். ஆலோசகரைப் பார்த்தானாம், அரை மணி நேரம் பேசினானாம், அடுத்த மாதத்துக்கும் தேதி வாங்கிக்கொண்டானாம். உங்கள் பெயர் பட்டியலில் இல்லையே என்று அவர்களே ஆச்சரியப்பட்டார்களாம்.

"நீதான் தொடர்சிகிச்சைக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டியே?"

"நானா? எப்ப?"

"வெளிய வரும்போது."

"என்ன யாரும் கேக்கவே இல்லியேக்கா."

குடிகாரனுக்கு ஞாபகம் ஏது என்று உடனே நினைத்தேன். மாங்காயை நறுக்கிக்கொண்டே யோசித்ததில் ஒரு விஷயம் உறுத்தியது. அன்று அவன் குடித்திருக்கவில்லையே.

ஜூலை 24, புதன்

விடுப்புப் போட்டுவிட்டு மையத்துக்குப் போனேன். என் நல்ல நேரம், லால்குடிக்காரர் ஒருவரை அவர் மகன் அழைத்துப்போகிற சமயம். வாசலில் அதே கூத்து. "வரேன்மா." "வாயக் கழுவு!" "போறேன்." "சத்தமா." அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். செபஸ்தியம்மா அட்டையில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

'தொடர்சிகிச்சைக்கு வருவதாக ஒப்புக்கொண்டாரா?' அதற்கு நேரே 'இல்லை'யில் ஒரு டிக்.

"ஏம்மா, எதுக்கு இல்லைன்னு போட்டீங்க?"

"அவந்தான் போறேன்னு சொன்னானே டீச்சர். உங்க காதுல விழலியா?"

"நீங்கதானே அப்படிச் சொல்லச் சொன்னீங்க!"

"பின்ன? வரேன்னு சொல்லச் சொல்லுவாங்களா? இங்க வரேன்னா என்னா அர்த்தம்? மறுபடி குடிச்சுப்புட்டு வரேன்னுதானே?"

"சரி. அடுத்த மாசம் டாக்டரப் பாக்க வருவியான்னு கேட்டீங்களா?"

"அத வேற கேப்பாங்களா? வருவானுங்க. வராம எங்க போவானுங்க?"

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மே மாதம் வரை இந்த அட்டையை ரங்கராஜன் என்று ஒரு குமாஸ்தா நிரப்பினாராம். ஒவ்வொருவரையும் எதிரே உட்கார வைத்து, வருவீர்களா என்று கேட்டு எழுதுவாராம். அவர் ஓய்வு பெற்றதும் ஜூனிலிருந்து அட்டை இந்த அம்மாள் கைக்கு வந்துவிட்டது. என் சூத்திரம் ரங்கராஜனின் 'இல்லை'யைப் பார்த்துப் படித்தது. அதை நான் கொண்டுபோய்ச் செபஸ்தியம்மாவின் 'இல்லை'மேல் வைத்தேன். ஊரில் சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வரேன் என்று சொல்லாதவர்கள் அத்தனை பேரும் என் கணக்கில் குடிகாரர்கள்.

இது தெரியாமல் வளர்ந்தவளா நான்? அப்பாவை அரசு மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்தபோது நானே நர்சிடம் போறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஜூன் பதினைந்தில் இவள் கத்தியது என் காதில் விழுந்தது. கிறுக்கியது கண்ணில் பட்டது. பார்த்ததையெல்லாம் கிண்டல் செய்து முடித்துவிட்டதால் யோசிக்க ஒன்றும் பாக்கி இருக்கவில்லை. என் மாணவி இதே விடையைக் கொண்டுவந்தபோது தரவைப் பார் என்று துரத்தினேன்.

ரெஜினால்டிடம் சொன்னேன். "ஓ, அது சின்ன விஷயந்தானே மேடம். இனிமே கேட்டு எழுதச் சொல்லிடறேன்" என்றார். சின்ன விஷயமாம். இந்த மனிதரிடம்தான் மூளையைச் சரிபார்த்துக்கொள்ள ஊர் வரிசையில் நிற்கிறது.

ஜூலை 25, வியாழன்

விடுப்பை நீட்டித்துவிட்டு ஆலோசகரின் மேசையில் நானே உட்கார்ந்து மீதிப் பத்துப் பேரையும் கூப்பிட வைத்தேன். ஏழு பேர் வருகிறோம் என்றார்கள். ஒருவர் எடுக்கவில்லை. இரண்டு பேர் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதில் ஒருவருடைய மனைவி, "அவர் ரெண்டு வாரம் போன் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தாருங்க" என்றார்.

"பாத்தீங்களா, உங்க சூத்திரம் ரெண்டு பேருக்குச் சரியாத்தான் இருந்திருக்கு" என்றார் ரெஜினால்டு. அவரை அடிக்க என் கையில் அப்போது ஒன்றும் இல்லை.

'இல்லை'களைத் திருத்திவிட்டு மறுபடி போட்டேன். சேரா இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

ஜூலை 26, வெள்ளி

"சேரா, கணக்கு தப்பாயிடுச்சு. உன்ன அந்தப் பக்கம் போட்டுட்டேன். நீ இந்தப் பக்கம்."

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "எவ்ளோ இந்தப் பக்கம்?"

"பத்துக்கு ஏழு."

"மீதி மூணு?"

நான் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா. சாயங்காலம் ஆறு மணிக்குத் துவாக்குடி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி இருக்கு. அதான் அங்க ஏறாம, அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய் ஏறறேன்."

வியர்வைக்கு அர்த்தம் இதுதான். ஒரு மாதம் அதை மோந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சமையலறைக்குப் போய் அழுதேன்.

ஜூலை 28, ஞாயிறு

தமயந்தியைக் கூப்பிட்டேன். "கணக்கு தப்பா இருந்துச்சு. இப்ப சரி பண்ணிட்டேன். நீ வரலாம்."

"மூணு வாரம் முன்னாடி வராதேன்னீங்க. இப்ப வான்றீங்க. அடுத்த மாசம் என்ன அண்ணி சொல்வீங்க?"

"இது சரியான கணக்கு, தமயந்தி."

"நான் கணக்கா கேட்டேன்? அவர் எப்படி இருக்கார்னு கேட்டேன். உங்க வீட்லதானே இருக்கார். உங்க கண்ணு முன்னாடிதானே நடமாடறார். கை நடுங்குதா, தூங்கறாரா, சிடுசிடுன்னு விழறாரா? அதத்தான் கேட்டேன். நீங்க இருக்கான்னு ஒரு வார்த்த சொன்னீங்க."

சொன்னேன். முதலில் குழாயில் ஆரம்பித்தேன். காலைக் காப்பி, கொசுவலை, ஊசியில் நூல் கோத்தது, சேப்பங்கிழங்கு மோர்க்குழம்பு, ஏழு மணிக்கு முன்னாலேயே போனைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்காருவது, தானாக மையத்துக்குப் போனது, ஒரு ஸ்டாப் நடப்பது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இத்தனையையும் எப்போது பார்த்து வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் அழுவது கேட்டது. பிறகு அழுகை நின்றது.

"இவ்ளோ தெரிஞ்சுமா வராதேன்னு சொன்னீங்க?"

"கணக்கு அப்படி..."

"அவர் உங்க வீட்டோட இருக்கறது உங்களுக்கு வசதியா இருந்திருக்கும் அண்ணி."

போனை வைத்துவிட்டேன். என்ன திமிர்! முப்பது வருடமாகத் தனியாக இருக்கிறேன். எவன் தயவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. கல்யாணம் வேண்டாம் என்று நானாகச் சொன்னவள். குடிகாரத் தம்பியைச் சோறு போட்டு வைத்துக்கொண்டதற்கு இது சம்பளம். இவளெல்லாம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவிரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர். பத்து மணிக்குத் தமயந்தியும் நித்திலாவும் வந்து நின்றார்கள், கையில் எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச்சாதம் என்று மூன்று தூக்கு. அன்று பேசியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காலில் விழுந்தாள். நன்றாயிரு என்றேன், வேறு என்ன சொல்வது?

சேரா மகளைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போய்விட்டான். அது போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தது. ஒன்பது வயதுக்கு அதிகப் பலம் அந்தப் பெண்ணுக்கு.

நான்கு மணிக்குத் திருவெறும்பூருக்குக் கிளம்பினார்கள். அவனுக்கு ஒரு பெட்டிதான். ஆட்டோவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். தமயந்தி அவன் தோளில் கை வைத்துக்கொண்டாள், விழுந்துவிடுவானோ என்று பார்க்கிற மாதிரி. ஆட்டோக்காரன் ஏழு ஜென்மத்துக்கும் சேர்த்து ஹாரன் அடித்தான்.

மீந்த சாதத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கல்லூரி.

ஆகஸ்ட் 7, புதன்

சேரா போன் செய்தான். சாப்பிட்டியாக்கா என்றான். சாப்பிட்டேன் என்றேன். மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

தமயந்தி சொன்னதற்குப் பத்து நாளாகப் பதில் தேடுகிறேன். நாக்கில் நிறைய வருகிறது, எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நிற்கவில்லை. பதினொரு பேரும் ஒரே பக்கம் விழுந்த அன்று நான் இரண்டு முறை கணக்குப் போட்டேன். ஆனால் தரவை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. சோம்பல் இல்லை, அறியாமையும் இல்லை. அவன் குடிப்பான் என்றால் அவள் வர மாட்டாள். அவள் வராவிட்டால் அவன் இங்கேயே இருப்பான். நான் எழுந்து வரும்போது கூடத்தில் விளக்கு எரியும், உள்ளே ஒரு ஆள் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும்.

என் தம்பி மறுபடி குடிப்பான் என்ற விடை எனக்குப் பிடித்திருந்தது.